‘கிறிஸ்து படம் ஒன்று’ என்ற வரி உங்கள் படத்துக்குப் பட்டா ஆகாது

பழைய பட்டியல் எதிலாவது ‘கிறிஸ்துவின் படம், இன்னார் எழுதியது’ என்று ஒரு வரி கிடைத்துவிட்டால் போதும். அந்த வரியின் நகல் மேலே, வீட்டில் இருக்கும் படத்தின் புகைப்படம் கீழே, நடுவில் ஓர் அம்புக்குறி. தலைப்பு: ‘உடைமை வரலாறு’, அதாவது படம் யார் யார் கை மாறி வந்தது என்ற விவரம். இப்படி வரும் கோப்புகளைப் பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டது. போன வாரமும் ஒன்று வந்தது. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

இரண்டு சென்ட் மனை வாங்கப் போனால் முப்பது வருட வில்லங்கம் போட்டுப் பார்க்கிறோம். மூலப் பத்திரம் கேட்கிறோம், சக்குபந்தி (நான்கெல்லை விவரம்) சரியா என்று சங்கிலி பிடித்து அளக்கிறோம். படம் என்று வந்தால் மட்டும் சர்வே எண்ணும் நான்கெல்லையும் இல்லாத ஒற்றை வரியை நம்பிவிடுகிறோம். கிறிஸ்தவப் படங்களில் இது இரட்டை ஆபத்து. சிலுவைப்பாடு, மாதாவும் குழந்தையும், உலக மீட்பர் எல்லாம் நூற்றுக்கணக்கான கைகள் திரும்பத் திரும்ப எழுதியவை. பட்டியல் சொல்வது பொருளை. எந்தப் பலகை, எந்தத் துணி என்று அது சொல்வதில்லை.

ஒரு கையால் ஆசி கூறி, மறு கையில் உருண்டை ஏந்திய கிறிஸ்து, அந்த ‘உலக மீட்பர்’ படத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 2017 நவம்பரில் நியூயார்க் கிறிஸ்டீஸ் ஏலத்தில் 45 கோடி டாலருக்கு விற்றது, லியோனார்டோ டா வின்சி பெயரில். இங்கிலாந்து மன்னர் முதலாம் சார்லஸ் 1649இல் தலை துண்டிக்கப்பட்ட பிறகு அவர் சொத்துக்குப் பட்டியல் போட்டார்கள். அதில் லியோனார்டோ எழுதிய கிறிஸ்து படம் ஒன்று, மதிப்பு 30 பவுன் என்று வருகிறது. அளவு இல்லை. கை எப்படி இருக்கிறது, கையில் என்ன இருக்கிறது, ஒன்றும் இல்லை. ஏலத்தில் விற்ற படம்தான் அது என்று ஒரு தரப்பு சொல்கிறது. ஆனால் மாஸ்கோ புஷ்கின் அருங்காட்சியகத்தில் லியோனார்டோ வழி வந்த ஜாம்பியெத்ரினோ என்ற ஓவியர் எழுதியதாகக் கருதப்படும் இன்னொரு கிறிஸ்து படத்தின் முதுகில் சார்லஸ் மன்னரின் முத்திரையே சூடு போட்டுக் கிடக்கிறது. முதுகில் முத்திரை உள்ள பலகை ஒரு பக்கம், பட்டியல் வரி மட்டும் உள்ள பலகை ஒரு பக்கம். நீங்கள் நீதிபதியாக இருந்தால் எதைக் கேட்பீர்கள்?

ஏலத்துக்கு வந்த பலகைக்கு உறுதியான வரலாறு 1900இல்தான் தொடங்குகிறது. அந்த ஆண்டு அது இங்கிலாந்தின் பிரான்சிஸ் குக் சேகரிப்புக்குப் போனது, லுயினி என்ற ஓவியர் எழுதியதாக. 1958இல் லண்டன் சாத்பீஸ் ஏலத்தில் 45 பவுனுக்கு விற்றபோது ஓவியர் பெயர் போல்த்ராஃபியோ என்று மாறியிருந்தது. 2005இல் நியூ ஆர்லியன்ஸில் ஒரு சிறிய ஏலக்கூடத்தில் திரும்பத் தலைகாட்டியது. இந்தப் பகுதியை நம்புவதற்குக் காரணம், குக் சேகரிப்பில் இருந்தபோது எடுத்த பழைய புகைப்படம். மேல்பூச்சு அப்பிக் கிடந்தாலும் அடையாளம் சொல்ல அது உதவியது.

இதற்கு நேர் எதிரான கதை அயர்லாந்தின் டப்ளினில் தொங்குகிறது. இத்தாலிய ஓவியர் கரவாஜியோவின் ‘கிறிஸ்து கைதாதல்’: கெத்சமனி இருட்டு, யூதாஸின் முத்தம், கவசக் கை. ரோமில் சிரியாகோ மத்தேயி என்ற பிரபுவுக்காக 1602இல் எழுதியது. 125 ஸ்கூதி (அந்நாள் ரோம நாணயம்) கொடுத்த கணக்கு 1603 ஜனவரி 2ஆம் தேதியிட்டு மத்தேயி குடும்ப ஏட்டில் இருக்கிறது. ஏடுகள் இத்தாலியின் ரெக்கனாத்தி ஊரில் கிடந்தன. அவற்றைப் புரட்டி எடுத்தவர்கள் கப்பெல்லெத்தி, தெஸ்தா என்ற இரு மாணவிகள். காலப்போக்கில் அந்தக் குடும்பமே படத்தை ஹோன்ட்ஹோர்ஸ்ட் என்ற டச்சு ஓவியர் எழுதியதாகத் தவறாகக் குறித்துக்கொண்டது. 1802இல் ஸ்காட்லாந்தின் ஹாமில்டன் நிஸ்பெட் வாங்கியதும் அந்தப் பெயரில்தான். 1921இல் எடின்பரோவில் ஏலம், பிறகு மேரி லீ-வில்சன் என்ற மருத்துவர், 1930களில் அவர் கொடையாக டப்ளின் சேசு சபையார் இல்லம். 1990இல் அயர்லாந்து தேசியக் கலைக்கூடத்தின் பாதுகாப்பு நிபுணர் செர்ஜியோ பெனதெத்தி பார்க்கும்வரை சாப்பாட்டு அறைச் சுவரில் இருந்தது.

பெயர் இருநூறு ஆண்டு தப்பு. ஆனாலும் தடம் அறுந்துபோகவில்லை. தப்பான பெயரும் ஒரு தடம்தான், பொருளோடு கூடவே நடந்து வந்ததால். (‘பெயர் தவறு’ என்று படத்தின் பின்னால் ஒட்டிய பழைய சீட்டைக் கிழிப்பவர்கள் இந்த வரியை இன்னொரு முறை படிக்கவும்.)

அதே மத்தேயி குடும்பத்தில் இன்னொன்றும் நடந்தது. 1626இல் அதே படத்துக்கு ஒரு நகல் எழுதச் சொல்லி ஜொவான்னி தி அத்திலி என்பவருக்கு 12 ஸ்கூதி கொடுத்திருக்கிறார்கள். ஒரே குடும்பம், ஒரே காட்சி, இரண்டு துணி. ‘மத்தேயி வீட்டுப் படம்’ என்று நிரூபித்தால்கூட எந்த மத்தேயி படம் என்ற கேள்வி மிச்சம் இருக்கிறது. உக்ரைனின் ஒதேசா அருங்காட்சியகத்தில் இருந்த இதே காட்சிப் படம் 2008இல் திருடுபோய் 2010இல் பெர்லினில் மீட்கப்பட்டதே, அதையும் ஒரு காலத்தில் மூலம் என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

சரி, கையில் படம் இருப்பவர்கள் செய்ய வேண்டியது. முதலில் பத்து மடங்கு பெருக்கும் லென்ஸில் முகத்தைப் பாருங்கள். ஒரே சீரான புள்ளிகள் தெரிந்தால் அது அச்சு. மேலே வார்னிஷ் பூசியிருந்தாலும் அச்சுதான். அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

அச்சு இல்லையென்றால் படத்தைத் திருப்புங்கள். முன்பக்கத்தை ஐம்பது தடவை படம் எடுத்து அனுப்புபவர்கள் முதுகை ஒரு தடவைகூட எடுப்பதில்லை! முழு முதுகு, நான்கு மூலை, ஒவ்வொரு சீட்டு, சுண்ணக்கட்டி எண், மெழுகு முத்திரை, எல்லாவற்றையும் எடுங்கள். விளக்கைப் பக்கவாட்டில் வைத்து இன்னொரு முறை எடுங்கள். அழுந்திய எழுத்து அப்போதுதான் எழும். கறுப்பு மையில் ஸ்டென்சில் எண் இருந்தால் அது கிறிஸ்டீஸ் ஏலக் குறியாக இருக்கலாம். அவர்கள் ஆவணக்காப்பகத்தில் கேட்டால் எந்த ஏலம் என்று தேடித் தருவார்கள். பழைய துணிக்குப் பின்னால் புதுத் துணி ஒட்டியிருந்தால் மூல முதுகு மறைந்திருக்கும். உரித்துப் பார்க்காதீர்கள், அது பாதுகாப்பு நிபுணரின் வேலை. சட்டத்தைக் கழற்றி ‘அழகான புதுச் சட்டம்’ போட்டு பழையதை விறகுக்குக் கொடுத்தவர்களுக்கு என்ன சொல்ல? பாதி வரலாறு அடுப்பில் போயிற்று. துடைக்க ஈரத்துணி, எண்ணெய், வெட்டிய உருளைக்கிழங்கு, எதுவும் வேண்டாம். கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

சுற்றியுள்ள மரச்சட்டத்தைச் சேர்க்காமல் படத்தின் அளவைச் சென்டிமீட்டரில் எழுதுங்கள். பிறகு ஒரு தாளில் ஐந்து கட்டம்: ஆண்டு, யார் கையில், எப்படி வந்தது (உயில், விலை, கொடை), எந்த ஆவணம், அந்த ஆவணத்தில் அளவோ படமோ உண்டா. கடைசிக் கட்டம்தான் சக்குபந்தி. தெரியாத ஆண்டுகளைக் காலியாக விடுங்கள். ‘தனியார் சேகரிப்பு, ஐரோப்பா’ என்பது காலிக் கட்டத்துக்குக் கோட்டு மாட்டிவிட்ட வேஷம், தொழிலில் உள்ளவர்கள் அதைப் பார்த்ததும் புருவம் தூக்குவோம். 1933 முதல் 1945 வரை காலியாக இருந்து, படம் ஐரோப்பாவில் இருந்திருந்தால், நாஜிகள் பறித்த பொருளா என்று விசாரிக்காமல் வாங்கவோ விற்கவோ கூடாது. இன்டர்போலின் ஐடி-ஆர்ட் செயலி இலவசம், திருட்டுப் பட்டியலில் தேட அது உதவும்.

இந்தியாவில் இருப்பவர்களுக்கு ஒன்று: நூறு ஆண்டு தாண்டிய ஓவியம் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்துக்குள் வரும். ‘லண்டனில் காட்டிவிட்டு வருகிறேன்’ என்று பெட்டியில் சுருட்டிக் கொண்டுபோனால் விமான நிலையத்திலேயே சுங்க அதிகாரிகள் விசாரிப்பார்கள். முதலில் புகைப்படங்களை மட்டும் அனுப்புங்கள், முதுகுப் படங்கள் மேலே இருக்கட்டும்.