நீட்டாக: ஒரு சொல்லும் அதன் பளபளப்பும்

"துணியை நீட்டா மடிச்சு வை", "ஆள் நீட்டா இருக்கார்", "வேலையை நீட்டா முடிச்சுட்டான்." இப்படிப் பேசாத வீடு இன்று குறைவு. ஆனால் 'நீட்லி' என்ற ஆங்கில வினையடையை நாம் வாங்கவே இல்லை. 'நீட்' என்ற பெயரடையை மட்டும் எடுத்து, நம்முடைய 'ஆக'வைப் பின்னால் ஒட்டிக்கொண்டோம். பேச்சில் அதுவும் 'ஆ' என்று குறுகிவிட்டது.

இந்த 'நீட்' இலத்தீனிலிருந்து வந்தது. அங்கே 'நிதேரே' என்றால் ஒளிர்தல், மின்னுதல். அதில் பிறந்த 'நிதிதுஸ்' பளபளப்பானதை, பொலிவானதைக் குறித்தது. பிரெஞ்சில் அது 'நெத்' என்று தேய்ந்து, தெளிவான, மாசற்ற என்ற பொருளுக்கு வந்தது. 16ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் 'நீட்' என்றால் அழுக்கில்லாத என்று பொருள். ஒழுங்கு, கச்சிதம் என்ற பொருள்களும் அதோடு சேர்ந்துகொண்டன. தண்ணீர் கலக்காத மதுவை 'நீட்' என்பதும் இந்த வழிதான்: கலப்பில்லாதது.

பிஸ்கட் பொட்டலத்தில் 'நெட் வெயிட்' என்று அச்சிட்டிருப்பதும் இதன் உடன்பிறப்பே. உறையின் எடையைக் கழித்தபின் சுத்தமாக நிற்பது. தமிழில் நிகர எடை. பிரெஞ்சுக்காரர் 'நெத்' என்பதை 'அடியோடு', 'சட்டென்று' என்ற பொருளில் வினையடையாகவும் சொல்வார்கள். நாமும் "சுத்தமா மறந்துட்டேன்" என்கிறோமே! தூய்மையைச் சொன்ன சொல் முழுமையைச் சொல்லப் போவது இரண்டு மொழியிலும் ஒன்றுபோல் நடந்திருக்கிறது.

ஆங்கிலத்தில் இன்னொரு 'நீட்' உண்டு. அது வேறு வேர், பழைய ஆங்கிலச் சொல், பொருள் மாடு. தோலைப் பதப்படுத்தப் பூசும் ஒருவகை எண்ணெயின் பெயரில் அது இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மாட்டின் கால் எலும்பிலிருந்து எடுப்பதால் அந்தப் பெயர். பயன்கொள்ளுதல், துய்த்தல் என்ற பொருளுடைய வேரிலிருந்து வந்த சொல் அது, உடைமை என்ற கருத்தை உடையது. 'மாடல்ல மற்றை யவை' என்று கல்வி அதிகாரத்தை முடிக்கிறாரே வள்ளுவர், அங்கே மாடு செல்வம். இந்த ஒற்றுமை எனக்கு மிகவும் பிடித்தது.

சரி, தமிழில் என்ன சொல்வது? எழுத்தில் 'நேர்த்தியாக', 'செவ்வனே' இரண்டும் பொருந்தும். செவ்வனே செம்மையிலிருந்து வந்தது. செய்து முடித்த கடமைக்கு அழகாக உட்காரும், மடித்த துணிக்கு உட்காராது. நேர்த்தி இன்னும் விரிந்தது. விதைப்பதற்கு முன் விதையைப் பக்குவப்படுத்துவதை உழவர்கள் விதை நேர்த்தி என்கிறார்கள். இலங்கையில் 'நேர்த்தி வைத்தல்' என்றால் வேண்டுதல் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

ஆனால் ஒற்றைச் சொல்லைத் தேடுவதே தவறு என்பது என் எண்ணம். எங்கள் அத்தை தையல்காரர். கற்றுக்கொள்ள வரும் பெண்களிடம் "நீட்டா தை" என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை. "ஓரத்தைப் பிசிறில்லாம மடி", "சுருக்கம் விழாம இழுத்துப் பிடி", "காஜா எல்லாம் ஒரே அளவா இருக்கட்டும்" என்பார். கை என்ன செய்ய வேண்டும் என்பது ஒவ்வொரு சொல்லிலும் இருந்தது. தலையைப் படிய வாருவோம், வெங்காயத்தைச் சன்னமாக அரிவோம், எழுத்து முத்து முத்தாக இருக்கும். இத்தனை இடத்தையும் ஒரே 'நீட்டா' பிடித்துக்கொண்டதில் எனக்கு வருத்தம் உண்டு.

'நிதிதுஸ்' என்ற மூலச் சொல்லுக்கு மிக அருகில் நிற்கும் தமிழ் அகராதியில் இல்லை, கொல்லைப்புறத்தில் இருக்கிறது. வெள்ளிக்கிழமைக்கு முதல் நாள் பித்தளை விளக்கையும் புளியையும் எடுத்துக் கொடுத்து அத்தை சொல்வார்: "நல்லாத் தேச்சு, பளிச்சுனு கொண்டா."