துவரைக்கு இடம் விட்டு, கொழுந்தைக் கிள்ளினால் என்ன நடக்கும்?

வரப்போரத்தில் தனியாக நிற்கும் துவரையைப் பார்த்திருப்பீர்கள். வயலுக்குள் நெருக்கி விதைத்த செடியெல்லாம் குச்சி மாதிரி மேலே போயிருக்க, இது மட்டும் நாலு பக்கமும் கிளை விட்டு, கிளைக்குக் கிளை காய் பிடித்து நிற்கும். விதையும் மண்ணும் ஒன்றுதான், கிடைத்த வெயிலும் வேர் ஓடின இடமும்தான் வேறு.

நெருக்கத்தில் செடி ஏன் ஒல்லியாகிறது? இலை சிவப்பு ஒளியை உறிஞ்சிக்கொள்ளும், அதற்கடுத்த தூரச்சிவப்பு ஒளியைப் பெரும்பாலும் விட்டுவிடும். பக்கத்து இலையில் பட்டு இப்படிச் சிவப்பு குறைந்து வரும் ஒளியைச் செடி தன் நிறமியால் உணர்ந்து, பக்கத்தில் ஆள் இருக்கிறது என்று கண்டுகொண்டு, கிளையைக் குறைத்து உயரத்துக்குச் செலவழிக்கிறது. துவரையில் காய் பிடிப்பதோ கிளையில். அதனால் ஓர் அளவுக்கு மேல் செடியைக் கூட்டினால் மகசூல் கூடாது, இருக்கிற ஈரத்தை அதிகம் பேர் பங்கு போடுவதுதான் நடக்கும்.

நடவுத் துவரை இதை வைத்துத்தான். பையில் ஒரு மாதம் வளர்த்த நாற்றை 5 அடிக்கு 3 அடி இடைவெளியில் நட்டால் ஏக்கருக்கு 2,904 செடி. நூறு விதை சுமார் 10 கிராம் என்று வைத்தால் 300 கிராம் விதை போதும், முளைக்காதது, பட்டுப்போனது எல்லாம் சேர்த்து ஒரு கிலோ தாராளம்.

சரி, இடம் மட்டும் விட்டால் போதுமா? போதாது. நுனிக்கொழுந்தில் உருவாகும் ஆக்சின் என்ற வளர்ச்சி ஹார்மோன் தண்டு வழியாகக் கீழே இறங்கி, இலைக்கக்கத்தில் இருக்கும் பக்க மொட்டுகளைத் தூங்க வைக்கிறது. 1930களிலேயே அவரை இனச் செடியில் நுனியை வெட்டி, அந்த இடத்தில் ஆக்சினை வைத்து இதைக் காட்டினார்கள். 2014இல் பட்டாணிச் செடியில் இன்னொன்று தெரிந்தது: நுனியை எடுத்த சில மணி நேரத்தில், கீழே ஆக்சின் குறைவதற்கு முன்பே, மொட்டு விழித்துக்கொள்கிறது. அதுவரை நுனி இழுத்துக்கொண்டிருந்த சர்க்கரை பக்க மொட்டுக்குத் திரும்புவதுதான் முதல் தூண்டுதல்.

நட்ட 20 முதல் 30 நாளுக்குள், நுனியில் 5, 6 சென்டிமீட்டர் கிள்ளினால் போதும், கத்தி கூட வேண்டாம், நகமே போதும். அப்புறம் ஒவ்வொரு இலைக்கக்கத்திலும் கடுகளவு பச்சை மொட்டு உப்பி வரும், அதுதான் நாளைய கிளை. மண்ணில் ஈரம் இல்லாத நாளில் கிள்ளாதீர்கள், கிளம்பின மொட்டு பாதியில் நின்றுவிடும். பூமொட்டு வைத்த பிறகு கிள்ளினால் வரவேண்டிய பூவையே கிள்ளிப் போடுகிறோம்.

லாபக் கணக்கை நேர்மையாகப் போட வேண்டும். பை, நாற்றுப் பராமரிப்பு, குழி எடுக்க, நட, கிள்ள என்று விதைப்புக்கு இல்லாத கூலி இதில் உண்டு. துவரை முதல் இரண்டு மாதம் மெதுவாகத்தான் வளரும், அந்த 5 அடி சும்மா கிடந்தால் களைதான் வரும். அங்கே உளுந்தோ பச்சைப்பயறோ போட்டால் 70 நாள் வாக்கில் கைக்கு வந்து நடவுச் செலவில் ஒரு பங்கைத் தாங்கும். குறுகிய வயது ரகத்துக்கு மட்டும் இவ்வளவு அகலம் வேண்டாம், கிளை பரவி இடத்தை நிரப்புவதற்குள் அதற்கு அறுவடை வந்துவிடும்.

முதல் வருஷம் இரண்டு வரிசையை மட்டும் கிள்ளாமல் விட்டு வையுங்கள். அறுவடையில் அதைத் தனியாக அடித்து, பக்கத்து இரண்டு வரிசையோடு எடை போட்டுப் பாருங்கள்.