ஜீப் நின்றால் மளிகைக் கடையும் நிற்கும்

விடியும் முன்பே கம்பம், கூடலூர் பக்கமிருந்து ஜீப்புகள் கிளம்பிவிடும். கம்பம்மெட்டு, குமுளி வழியாக இடுக்கி ஏலத்தோட்டங்களுக்குக் கூலியாட்களைக் கொண்டுபோகும். 2020 மார்ச் இறுதியில் ஊரடங்கு வந்ததும் அவை நின்றன. தோட்டக்கூலி நின்றது; அந்தக் கூலியை நம்பியிருந்த மளிகைக் கடையில் பற்று ஏறியது; கடைக்காரர் அரிசி மண்டிக்குத் தர வேண்டியதைத் தள்ளிப்போட்டார். ஒருவர் செலவழிப்பதுதான் இன்னொருவருக்கு வருமானம்.

நெருக்கடியில் இந்தச் சங்கிலியை இன்னும் அறுப்பது பயம். "நிலைமை தெளியட்டும்" என்று ஒவ்வொரு வீடும் காசை இறுக்கிப் பிடிப்பது நியாயம்தான். ஆனால் எல்லா வீடும் ஒரே நேரத்தில் பிடித்தால் எல்லார் வருமானமும் சுருங்குகிறது. அப்போது கடன் வாங்கியாவது அரசு செலவு செய்ய வேண்டும் என்பதற்கான விளக்கத்தை பிரிட்டிஷ் பொருளாதார அறிஞர் ஜான் மேனார்ட் கெய்ன்ஸ் 1936இல் எழுதினார்.

கணக்கு இப்படி. அரசு ஒரு குடும்பத்துக்கு 100 ரூபாய் தருகிறது. அதில் 80 கடைக்குப் போகிறது. கடைக்காரர் அந்த 80இல் 64 செலவழிக்கிறார், அடுத்தவர் 51 சொச்சம். இப்படியே கூட்டினால் மொத்தம் 500. ஒவ்வொருவரும் பாதியைச் சேமித்தால் 200தான். நிஜத்தில் வரி, வெளியூர்ச் சரக்கு என்று பணம் வழியிலேயே கசியும், இவ்வளவு வராது. என்றாலும் அன்றாடங்காய்ச்சியின் கையில் கொடுத்த பணம்தான் வேகமாக ஓடும் என்பது தெளிவு.

2020இல் தமிழக அரசு அரிசி அட்டைக்கு 1,000 ரூபாய் கொடுத்தது. மத்திய அரசு ஆளுக்கு மாதம் 5 கிலோ தானியம் இலவசமாகத் தந்தது, நூறு நாள் வேலைக்குக் கூடுதலாக 40,000 கோடி ஒதுக்கியது. ரிசர்வ் வங்கி, மற்ற வங்கிகளுக்குத் தான் தரும் கடனுக்கான ரெப்போ வட்டியை 5.15 சதவீதத்திலிருந்து மே மாதத்துக்குள் 4 ஆக்கியது. வட்டிக் குறைப்பு மெதுவான மருந்து என்பேன். வியாபாரமே இல்லாதவர் எந்த வட்டிக்கும் கடன் கேட்கமாட்டார். மாறாக, ஆகஸ்ட் வரை லோன் தவணையைத் தள்ளிப்போட விட்டது ஜீப்காரருக்கு உடனடி மூச்சு, வட்டி ஏறினாலும்.

சரி, பணத்தை அள்ளி இறைத்தால் போதுமா? சரக்கு இல்லாமல் பணம் மட்டும் பெருகினால் விலைதான் ஏறும். அரசுக் கிடங்குகளில் தானியம் நிறைந்திருந்ததால் அரிசியை அரிசியாகவே கொடுக்க முடிந்தது. தவிர, கேரள எல்லை மூடியிருக்கும்போது எவ்வளவு கொடுத்தாலும் தோட்ட வேலை திரும்பாது. அந்த மாதங்களில் உதவியின் வேலை வேறு: காய் எடுப்பு தொடங்கி வழி திறக்கும் நாளில், ஜீப் விற்கப்படாமல் நிற்க வேண்டும், கடை பூட்டப்படாமல் இருக்க வேண்டும், கூலிக்காரர் கந்துவட்டியில் சிக்காமல் இருக்க வேண்டும்.