பழைய காணி உறுதியில் பூட்டியின் பெயரைத் தேடுங்கள்

மலையகத்தில் காணி உறுதி எழுதும் நொத்தாரிசாகத் தொழில் செய்பவர்களிடம் அடிக்கடி வரும் கேள்வி இது: "எங்கள் பூட்டன் ஒரு வெள்ளைக்காரத் துரை என்று வீட்டில் சொல்வார்கள். அவர் யார் என்று கண்டுபிடித்துத் தருவீர்களா?" கேட்பவர்களில் சிலர் கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலும் இருக்கிறார்கள். டீஎன்ஏ சோதனை செய்து பார்த்து, முகம் தெரியாத ஸ்காட்லாந்து உறவுக்காரர் ஒருவரின் பெயரோடு வருகிறார்கள். இன்னும் சிலர் இங்கேயே தோட்டத்துப் பக்கம் இருப்பவர்கள். கையில் தகரப் பெட்டியிலிருந்து எடுத்த ஒரு பழைய உறுதி, பாதி கரையான் தின்றது, இருக்கும்.

இவர்கள் எல்லோருமே தேடலைத் துரையின் பெயரிலிருந்துதான் தொடங்குகிறார்கள். அங்கேயே முட்டி நின்றும் போகிறார்கள். அதற்குக் காரணம் இருக்கிறது. பங்களாவில் இருந்த துரை தோட்டத்தின் சொந்தக்காரர் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். கோப்பிக் காலத்தின் தொடக்கத்தில் அப்படிச் சிலர் இருந்தார்கள், உண்மைதான். 1840களின் ஆரம்பத்தில் முடிக்குரிய காணியை ஏக்கர் 5 ஷில்லிங் என்ற ஆரம்ப விலையில் வாங்கிக் காடு வெட்டியவர்களின் பெயர்களை அரசு வழங்கிய முதல் உறுதிகளில் இன்றும் பார்க்கலாம். ஆனால் 1869இல் கோப்பி இலைகளில் நோய் கண்டது. அடுத்த இருபது வருடங்களுக்குள் அந்தத் தனி முதலாளிகளில் பலர் கடனில் மூழ்கிப் போனார்கள். 1884இல் ஓரியன்டல் பேங்க் விழுந்தது பலருக்குக் கடைசி அடி. பிறகு தேயிலையோடு வந்தவை லண்டன் கம்பனிகளும் கொழும்பு ஏஜென்சிகளும். அதற்குப் பிற்பட்ட துரைமாரில் பெரும்பாலானவர்கள் சம்பளத்துக்கு வேலை செய்த தோட்ட அத்தியட்சகர்கள்தான். தோட்டத்து உறுதியில் அவர்கள் பெயர் இருக்காது.

அப்படியானால் அவர்கள் பெயர் எங்கே இருக்கும்? தோட்டத்துக்கு வெளியே, பக்கத்துக் கிராமத்திலோ பசார் ஓரத்திலோ வாங்கிய ஒரு சின்னத் துண்டுக் காணியின் உறுதியில். அந்தத் துண்டு யாருக்காக வாங்கப்பட்டது என்பதில்தான் கதை இருக்கிறது.

இங்கே கொஞ்சம் சட்டம் சொல்லியாக வேண்டும். இலங்கையில் காணியை விற்கவோ கொடுக்கவோ எழுத்தில் உறுதி வேண்டும், நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் முன்னிலையில் கையெழுத்தாக வேண்டும் என்பது 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம். மரண சாசனத்துக்கும், அதாவது உயிலுக்கும், அதே விதிதான், நொத்தாரிசு இல்லையென்றால் ஐந்து சாட்சிகள். அப்புறம் 1876ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டம். விவாகம் செய்யாதவர்களுக்குப் பிறந்த பிள்ளைகள், உயில் எழுதாமல் இறந்த தாயின் சொத்துக்கு உரித்தாவார்கள், தகப்பனின் சொத்துக்கு உரித்தாக மாட்டார்கள் என்று அது சொல்கிறது. இந்த இரண்டையும் சேர்த்து வைத்துப் பாருங்கள். தோட்டத்துப் பெண்ணோடு குடும்பம் நடத்தி, சட்டப்படி விவாகம் செய்யாத ஒரு துரை, பிள்ளைகளுக்கு ஏதாவது கிடைக்க வேண்டும் என்று நினைத்தால் சும்மா இருக்க முடியாது. ஒன்று நன்கொடை உறுதி எழுத வேண்டும், அல்லது மரண சாசனம் எழுத வேண்டும். எழுதினால், யாருக்கு என்று பெயர் போட வேண்டும்.

பிறப்புப் பதிவில் தகப்பன் பெயருக்கான இடம் வெறுமையாக இருக்கும். விவாகம் ஆகாத நிலையில், தகப்பன் தானும் சேர்ந்து கேட்டால் ஒழியப் பதிவாளர் அந்த இடத்தை நிரப்ப முடியாது. ஆனால் அதே பிள்ளையின் பெயர், தாயின் பெயர், தாயினுடைய தகப்பனின் பெயர் எல்லாம் ஓர் உறுதியில் வரிசையாக இருக்கும். இப்படி நான் பார்த்திருக்கிறேன்.

ஓர் உதாரணம் சொல்கிறேன், ஆள் அடையாளம் எதுவும் இல்லாமல். ஓர் ஆசிரியை கொண்டு வந்த நன்கொடை உறுதி, முதலாம் உலகப் போருக்குச் சற்று முன்பு எழுதியது. ஆங்கிலத்தில், சாய்வான கையெழுத்தில். கொடுப்பவர் ஒரு தோட்டத்தின் அத்தியட்சகர். பெறுபவர்கள் இரண்டு சிறு பிள்ளைகள். காணி ஓர் ஏக்கரும் இரண்டு ரூட்டும் சில்லறைப் பேர்ச்சும். அந்த அம்மா துரையின் பெயரை மட்டும் ஒரு தாளில் குறித்துக்கொண்டு, "மிச்சமெல்லாம் சட்டப் பேச்சுத்தானே" என்றார். அந்த மிச்சத்தைத்தான் நாங்கள் உட்கார்ந்து வாசித்தோம்.

முதலில் சீவிய உருத்து. பிள்ளைகளின் தாய் சாகும்வரை அந்தக் காணியில் இருந்து பயன் அனுபவிக்கலாம் என்று ஒரு வாசகம், அதில் அவளது முழுப் பெயர், இன்னாரின் மகள், இன்ன தோட்டத்தில் வசிப்பவள் என்று. குடும்பத்தில் அவளை "ஆயா" என்று மட்டும்தான் சொல்லி வந்திருக்கிறார்கள். பெயர் யாருக்கும் தெரியாது. அடுத்தது ஏற்றுக்கொள்ளும் வாசகம். நமது சட்டத்தில் நன்கொடையைப் பெறுபவர் ஏற்க வேண்டும், சிறு பிள்ளைகள் என்றால் அவர்களுக்காக இன்னொருவர் ஏற்க வேண்டும். இங்கே ஏற்றவர் பிள்ளைகளின் தாய்மாமன். அவர் பெயரும் தகப்பன் பெயரோடு இருக்கிறது. தன் தங்கையின் பிள்ளைகளுக்காக அந்த மனிதர் நொத்தாரிசின் கந்தோர்வரை வந்து நின்றிருக்கிறார். எல்லைகள் சொல்லும் இடத்தில், தெற்கே இன்ன கங்காணியின் காணி. கடைசியில் நொத்தாரிசின் அத்தாட்சி. இதை யாரும் வாசிப்பதே இல்லை, எனக்கு எப்போதும் பிடித்த பகுதி அதுதான். யார் கையெழுத்து வைத்தார், யார் கைநாட்டு வைத்தார், நொத்தாரிசு உறுதியை எந்த மொழியில் வாசித்து விளக்கினார், சாட்சிகள் யார், அவர்களுக்கு என்ன தொழில், எந்த ஊரில் வைத்துக் கையெழுத்தானது எல்லாம் அதில் இருக்கும். தாய்மாமன் தமிழில் கையெழுத்து வைத்திருந்தார். சாட்சிகளில் ஒருவர் அதே தோட்டத்துக் கணக்கப்பிள்ளை.

துரையைத் தேடி வந்தவர், தன் பூட்டியின் பெயரோடும் அவளுடைய அண்ணனின் பெயரோடும் போனார். அந்த அண்ணனின் பேரப்பிள்ளைகள் அடுத்த டிவிஷனிலேயே இருக்கிறார்கள் என்பது பிறகு தெரிந்தது. நாம் தேட வேண்டிய வழி இதுதான் என்று நான் நம்புகிறேன். துரையின் வம்சத்துக்குக் கோயில் கல்லறை இருக்கிறது, வருடா வருடம் அச்சான பெர்குசன் டிரெக்டரியில் தோட்ட வாரியாகப் பெயர் இருக்கிறது, அவருடைய நாட்டில் பதிவேடுகள் இருக்கின்றன. அவள் பெயர் எழுத்தில் இருக்கும் இடம் பல சமயம் இந்த ஒரு காகிதம் மட்டும்தான்.

சரி, உறுதியே இல்லை, தொலைந்துபோனது என்றால்? 1958, 1977, 1983 என்று எத்தனை தடவை நம் சனம் உடுத்த துணியோடு ஓடியிருக்கிறது. பெட்டி போனால் காகிதமும் போனதுதான். ஆனாலும் நம்பிக்கை இருக்கிறது. நொத்தாரிசு ஓர் உறுதியை மூன்று பிரதிகளில் முடிக்கிறார். ஒன்று கட்சிக்காரருக்கு. முத்திரை ஒட்டிய இரண்டாவது பிரதி காணிப் பதிவகத்துக்குப் போகும். மூன்றாவது, புரோட்டோகோல் என்பது, நொத்தாரிசிடமே இருக்கும், அவர் இறந்தால் அதுவும் காணிப் பதிவாளரிடம் போய்ச் சேர வேண்டும். ஆகவே வீட்டில் இல்லாதது கண்டி, நுவரெலியா, பதுளை, மாத்தளைப் பதிவகங்களில் ஒன்றில் இருக்கக்கூடும்.

அங்கே போகும்போது ஆளின் பெயரை மட்டும் சொல்லிப் பயனில்லை. பதிவேடு காணியைச் சுற்றி எழுதப்படுவது. ஒரு பக்கத்தின் தலையில் காணியின் பெயர், கிராமம், எல்லைகள், விஸ்தீரணம். அதன் கீழே அந்தக் காணியில் நடந்த கொடுக்கல் வாங்கல் எல்லாம், உறுதி இலக்கம், திகதி, நொத்தாரிசின் பெயர் சகிதம். பக்கம் நிரம்பினால் அடுத்த பக்கத்துக்கு இலக்கம் குறித்துக் கொண்டுபோவார்கள். பழைய உறுதியின் தலையிலோ முதுகிலோ ஓர் எழுத்தும் சாய்கோடு போட்ட இரண்டு எண்களும் இருந்தால், அதுதான் அந்தப் பக்கத்தின் முகவரி. அதைக் கொடுத்துப் "பத்திரு", அதாவது அந்தப் பதிவேட்டுப் பக்கத்தின் பிரதி, கேளுங்கள். வங்கிக் கடனுக்கு முப்பது வருடம் பார்த்தால் போதும் என்று தரகர்கள் முப்பது வருடத்தோடு நிறுத்துவார்கள். உங்கள் தேவை வேறு. பின்னோக்கிக் காட்டும் இலக்கத்தைப் பிடித்துக்கொண்டு முதல் பக்கம்வரை போக வேண்டும். தோம்பு, அதாவது ஒல்லாந்தர் காலத்துக் காணிப் பதிவேடு, பார்க்கலாமா என்று சிலர் கேட்கிறார்கள். தோம்பு ஒல்லாந்தர் ஆண்ட கரையோரத்துக்கு உரியது. கண்டி இராச்சியம் அவர்கள் கையில் விழவே இல்லை, 1815இல் ஆங்கிலேயர் கையில்தான் விழுந்தது. ஆகவே மலைநாட்டுக்குத் தோம்பு உதவாது.

மரண சாசனம் வேறு வழி. உயில் எழுதிய ஒருவர் இறந்தால் மாவட்ட நீதிமன்றத்தில் மரணசாசன வழக்கு ஒன்று தொடங்கும். உயில் இல்லாமல் இறந்தாலும் சொத்துப் பெறுமதி அதிகமென்றால் நிருவாக வழக்கு உண்டு. அந்தக் கோவையில் உயிலைவிடப் பெறுமதியானவை இரண்டு: உரித்தாளிகள் யார் யார் என்று சத்தியம் செய்து கொடுத்த மனு, சொத்துகளின் பட்டியல். குதிரை, துப்பாக்கி, தளபாடம், தர வேண்டிய கடன், யாருக்கு மாதம் எவ்வளவு கொடுத்து வந்தார் என்பதுவரை அதில் வரும். துரை ஊருக்குத் திரும்பிப்போய் இறந்திருந்தால் அங்கே தேட வேண்டும். இங்கிலாந்துக்கு 1858 முதல் ஒரே தேசியப் பட்டியல் இருக்கிறது. ஸ்காட்லாந்துக்குத் தனிப் பதிவேடு, நம் பக்கத்துத் துரைமாரில் நிறையப் பேர் ஸ்காட்லாந்துக்காரர்கள் என்பதால் இதை மறக்க வேண்டாம்.

துரை கதை இல்லாத குடும்பங்களுக்கும் இந்தக் காகிதங்கள் பேசும். கங்காணிமாரில் சிலர் கையில் காசு சேர்ந்ததும் காணி வாங்கினார்கள், ஈடு வைத்தார்கள். ஈட்டு உறுதியில் செட்டியாரின் பெயருக்கு முன்னால் ஆனா, மூனா, ரூனா என்று வரும் எழுத்துகள் அவருடைய தகப்பன் பெயர் அல்ல, கடையின் விலாசம். அதைத் தெரியாமல் ஒருவரையே மூன்று பேராக எண்ணித் தேடியவர்களைப் பார்த்திருக்கிறேன். ஊரிலிருக்கும் உறவினர் சார்பாக எழுதிய தத்துவப் பத்திரம், அதாவது ஒருவருக்காக இன்னொருவர் செயற்பட அதிகாரம் தரும் பத்திரம், கிடைத்தால் விடவே விடாதீர்கள். கிராமம், தாலுகா, திருச்சி ஜில்லாவா சேலம் ஜில்லாவா என்பதெல்லாம் அதில்தான் துல்லியமாக இருக்கும். ஒரு துண்டு நிலம்கூட இல்லாத தொழிலாளி, அதாவது நம்மில் பெரும்பாலானோரின் பூட்டன், சாட்சி வரிசையில் கைநாட்டாக நிற்பார். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் வந்தபோது தகப்பன், இல்லையென்றால் பாட்டனும் பூட்டனும், இங்கே பிறந்ததாகக் காட்டச் சொல்லி நம் சனத்தைக் காகிதத்துக்காக அலைய வைத்தார்கள். காட்ட முடியாதவர்களை நாடற்றவர்களாக்கினார்கள். அந்த நினைவு இருக்கிற நாம் பழைய காகிதத்தைக் குப்பையில் போடவே கூடாது.

இனி ஓர் எச்சரிக்கை. "உங்கள் துரைத் தாத்தாவின் தோட்டம் உங்களுக்குத்தான் சேர வேண்டும், வழக்குப் போடலாம், முன்பணம் கொடுங்கள்" என்று சொல்லி வருகிறவர்கள் இருக்கிறார்கள். இப்படிப் பணம் இழந்த குடும்பங்களை எனக்குத் தெரியும், அதுவும் வெளிநாட்டில் இருந்து மகன் அனுப்பிய பணம். 1972ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கக் காணிச் சீர்திருத்தச் சட்டம் தனி ஆளுக்கு 50 ஏக்கர் என்று எல்லை போட்டது, 1975இல் கம்பனித் தோட்டங்களையும் அரசு எடுத்தது. அந்தக் கதவு மூடி அரை நூற்றாண்டு ஆகிறது. சின்னத் துண்டுக் காணிக்கும் இதே எச்சரிக்கைதான். வேறொருவர் பத்து வருடத்துக்கு மேல் எதிராட்சியாக, அதாவது சொந்தக்காரரின் உரிமையை ஏற்காமல் தன்னுடையதாகவே, அனுபவித்து வந்தால் 1871ஆம் ஆண்டின் காலாவதிச் சட்டம் அவர் பக்கம் நிற்கும். ஆகவே வம்சம் தேடப் போகிறீர்கள் என்றால் வம்சத்துக்காக மட்டும் போங்கள். அந்தக் காணியில் இன்று குடியிருக்கும் சனத்தின் வாசலில் உறுதியோடு போய் நிற்காதீர்கள், அவர்கள் பயந்துபோவார்கள்.

மூல உறுதியைத் தரகர் கையில் கொடுக்க வேண்டாம். போட்டோ கொப்பி போதும். மலை ஈரத்தில் காகிதம் பூஞ்சணம் பிடிக்கும் என்று லேமினேட் செய்கிறார்கள், செலோடேப் ஒட்டுகிறார்கள். இரண்டும் கெடுதல். பசை மஞ்சளாகி எழுத்தைத் தின்றுவிடும், லேமினேட்டைப் பிறகு பிரிக்கவே முடியாது. காய்ந்த பருத்தித் துணியில் சுற்றி வெயில் படாத இடத்தில் வையுங்கள். இராசா தலை முத்திரையைப் பிள்ளைகள் பிய்த்துக்கொள்ள விடாதீர்கள். முன்பக்கம், பின்பக்கம், ஓரக் குறிப்பு எல்லாவற்றையும் பகல் வெளிச்சத்தில் படம் எடுத்து, குடும்பத்தில் நாலைந்து பேருக்கு அனுப்பி வையுங்கள்.

பதிவகத்துக்குப் போகுமுன் வீட்டில் மூத்தவர்களிடம் ஒரு தடவை பேசுங்கள். துரையின் பெயரைக் கேட்காதீர்கள், அதைச் சொல்ல இன்றும் சிலருக்குக் கூச்சம், அந்தக் கூச்சத்தை மதிக்க வேண்டும். தோட்டத்துக்கு நம் சனம் வைத்த பெயர் என்ன, எந்த டிவிஷன், எந்த லயம், ஆயாவின் கூடப் பிறந்தவர்கள் யார், அவர்களைக் கட்டிக்கொடுத்த தோட்டம் எது என்று கேளுங்கள். தமிழில் சனம் சொன்ன தோட்டப் பெயரும் ஆங்கில உறுதியில் இருக்கும் பெயரும் ஒன்றாக இருக்காது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக்கொண்டு, கையிலுள்ள எந்தத் துண்டுக் காகிதத்தின் கொப்பியையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போங்கள்.