‘மாடஸ்டி’ என்பது அடக்கம் அல்ல

போன மாதம் ஒரு கிறிஸ்தவ மாத இதழிலிருந்து ஒரு மொழிபெயர்ப்புக் கட்டுரையை அனுப்பி, திருத்தித் தரச் சொன்னார்கள். விளையாட்டிலும் ஜிம்மிலும் பெண்கள் உடுத்துவதைப் பற்றி அமெரிக்கர் ஒருவர் எழுதியது. நான்கே பக்கத்தில் ‘அடக்கம்’ என்ற சொல் 14 இடத்தில் வந்திருந்தது. அடக்கமான உடை, அடக்கமான நீச்சலுடை, கிறிஸ்தவ அடக்கம், அடக்கமற்ற லெகின்ஸ். மொழிபெயர்த்த தம்பியைக் கூப்பிட்டுக் கேட்டேன். “அக்கா, மாடஸ்டிக்கு எல்லாரும் அதைத்தானே போடுறாங்க” என்றான். அவன் சொன்னது உண்மைதான். வாலிபர் முகாம் நோட்டீஸ், ஞாயிறு பள்ளி விளையாட்டு விழா அறிவிப்பு, பிரசங்கம் என்று எங்கு போனாலும் இந்தச் சொல்தான் முன்னால் நிற்கிறது. இது தவறான சொல் என்று பல காலமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். ஏன் தவறு என்று ஒருமுறையாவது முழுதாகச் சொல்லிவிட வேண்டும்.

முதலில் சொல்லின் பிறப்பு. லத்தீனில் ‘மோடுஸ்’ என்றால் அளவு. அதிலிருந்து ‘மோடெஸ்டியா’, அதாவது அளவறிந்து நடப்பது. ஆங்கிலத்தில் இந்தச் சொல்லுக்கு மூன்று பொருள்கள் நிலைத்துவிட்டன. தன் பெருமையைத் தானே பேசாமல் இருப்பது, செலவிலும் ஆசையிலும் மிகுந்து போகாமல் இருப்பது, உடல் விஷயத்தில் கூச்சத்தோடு இருப்பது. முதல் பொருளுக்கு ‘அடக்கம்’ நன்றாகவே பொருந்தும். கோப்பையை வாங்கிவிட்டு அலட்டிக்கொள்ளாமல் பேசுகிறவரை அடக்கமானவர் என்கிறோம். இரண்டாவதற்கு எளிமை போதும். சிக்கல் மூன்றாவதில்தான்.

திருக்குறளில் ‘அடக்கமுடைமை’ என்று ஓர் அதிகாரம் இருக்கிறது. ‘யாகாவாராயினும் நாகாக்க’ என்ற குறள் அங்கேதான் வருகிறது. நாக்கை அடக்கு, சினத்தை அடக்கு, ஐம்பொறியையும் ஆமைபோல் அடக்கு என்கிறது. பத்துக் குறளிலும் உடையைப் பற்றி ஒரு சொல் இல்லை. பெண்ணுக்கு மட்டும் என்றும் இல்லை. அந்த அடக்கம் ஒருவர் தன்னைத் தானே ஆள்வது. இன்று நம் வாயில் அந்தச் சொல் என்ன ஆகிவிட்டது? ‘அடக்க ஒடுக்கமான பெண்’ என்கிறோம். அடக்க ஒடுக்கமான பையன் என்று யாரும் மாப்பிள்ளை தேடுவதில்லை. அடங்கு என்பது தன்வினை, அடக்கு என்பது பிறவினை. பெண்ணைப் பற்றிப் பேசும்போது அடக்கத்துக்குப் பின்னால் அடக்குகிறவர் ஒருவர் எப்போதும் நிற்கிறார். போதாக்குறைக்கு நம் சபை வழக்கில் ‘அடக்க ஆராதனை’ என்றால் சவ அடக்கம். அந்த ஒரே சொல்லைத்தான் ஓடவும் தாண்டவும் நீந்தவும் வரும் பிள்ளைகளின் உடைக்கு நாம் போடுகிறோம்.

சரி, வேதத்தில் அப்படித்தானே இருக்கிறது என்பார்கள். இல்லை. இந்தப் பேச்சுக்கெல்லாம் ஆதாரமாகக் காட்டப்படுவது பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதிய முதல் நிருபத்தின் இரண்டாம் அதிகாரம், 9ஆம் வசனம். நம் சபைகளில் வாசிக்கிற பழைய திருப்புதலில், அதாவது பழைய தமிழ் மொழிபெயர்ப்பில், அங்கே மூன்று சொற்கள் வருகின்றன: தகுதியான வஸ்திரம், நாணம், தெளிந்த புத்தி. கிரேக்க மூலத்தில் முதல் சொல் ‘கோஸ்மியோஸ்’. கோஸ்மோஸ் என்றால் ஒழுங்கு, அதிலிருந்து வந்தது. இரண்டாவது ‘ஐடோஸ்’, மூன்றாவது ‘சோஃப்ரோசுனே’. 1611ஆம் ஆண்டின் ஆங்கில வேதாகமம் ‘மாடஸ்ட்’ என்று எழுதியது இந்தக் கோஸ்மியோஸுக்குத்தான். தமிழில் அதற்கு நேராக நிற்பது ‘தகுதியான’ என்ற சொல்.

‘அடக்கம்’ வருவது 9ஆம் வசனத்தில் அல்ல, இரண்டு வசனம் தள்ளி 11இல். ‘ஸ்திரீயானவள் எல்லாவற்றிலும் அடக்கமுடையவளாயிருந்து’ என்று தொடங்கும் வசனம் அது. அங்கே மூலச்சொல் கீழ்ப்படிதலைக் குறிப்பது. அந்த வசனத்தை எப்படிப் பொருள்கொள்வது என்பது பெரிய விவாதம், அதற்குள் இப்போது போகவில்லை. நான் சொல்ல வருவது இவ்வளவுதான். பழைய மொழிபெயர்ப்பாளர்கள் உடைக்கு ஒரு சொல்லும் கீழ்ப்படிதலுக்கு வேறு சொல்லும் தேர்ந்து வைத்தார்கள். நாம் 11ஆம் வசனத்தின் சொல்லை எடுத்து 9ஆம் வசனத்தின் மேல் ஒட்டிவிட்டோம். அப்புறம் என்ன ஆகும்? ஒரு பெண் தொடை தெரியும் கால்சட்டை போட்டால் அது உடையைப் பற்றிய கேள்வியாக நிற்பதில்லை. அவள் அடங்காதவள் ஆகிவிடுகிறாள்.

இன்னொன்று. அந்த வசனம் வேண்டாம் என்று சொல்லும் பட்டியலைப் பாருங்கள். மயிரைப் பின்னுதல், பொன், முத்து, விலையேறப்பெற்ற வஸ்திரம். தோல் தெரிவதைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. பணக்காரப் பெண்கள் ஏழைகள் நடுவே செல்வத்தைக் காட்டிக்கொள்வதைப் பற்றிய பேச்சு அது. ஜிம்முக்குப் பல ஆயிரம் ரூபாய் ஷூவும் பெயர் பொறித்த உடையும் போட்டுவந்து கண்ணாடி முன் படம் எடுத்துக்கொள்கிற ஆணுக்கும் இந்த வசனம் கொஞ்சம் பொருந்தும் என்பேன். அதே நிருபத்தின் நாலாம் அதிகாரத்தில் ‘சரீரமுயற்சி அற்ப பிரயோஜனமுள்ளது’ என்று வருகிறதே, அங்கே மூலச்சொல் ‘கும்னாசியா’. கும்னோஸ் என்றால் நிர்வாணம். கிரேக்க ஆண்கள் உடையில்லாமல் பயிற்சி செய்த இடத்தின் பெயர்தான் தேய்ந்து இன்று நாம் சொல்லும் ஜிம். அந்த உலகத்தில் இருந்துகொண்டு எழுதியவர் உடற்பயிற்சியைப் பற்றிச் சொன்னது, தேவபக்தியோடு ஒப்பிட்டால் அதன் பயன் சிறிது என்பது மட்டும்.

‘அடக்கமான உடை’ என்ற தொடர் எவ்வளவு தூரம் பொருந்தாமல் போகும் என்பதற்கு 2021 ஜூலையில் நடந்ததைச் சொல்ல வேண்டும். பல்கேரியாவின் வர்னா நகரில் ஐரோப்பியக் கடற்கரை ஹேண்ட்பால் போட்டி. பெண்கள் பிகினிக் கீழாடைதான் அணிய வேண்டும், அதன் பக்கவாட்டு அகலம் 10 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது என்று அப்போது விதி இருந்தது. ஆண்களுக்கோ சாதாரணக் கால்சட்டை. நார்வே அணிப் பெண்கள் வெண்கலப் பதக்கத்துக்கான ஆட்டத்தில் விதியை மீறிக் கால்சட்டை அணிந்து இறங்கினார்கள். 1,500 யூரோ அபராதம் விழுந்தது, தலைக்கு 150. உலகமெங்கும் எதிர்ப்பு எழுந்த பிறகு அந்த ஆண்டு முடிவதற்குள் விதி மாறியது. அந்தப் பெண்கள் உடலை அதிகம் மறைக்கத்தான் கேட்டார்கள். ஆனால் அதை அடங்கிப் போய்ப் பெறவில்லை, அடங்க மறுத்துத்தான் பெற்றார்கள். இதை ‘அடக்கமான உடைக்கான போராட்டம்’ என்று எழுதினால் அந்த வரிக்கு ஏதாவது பொருள் இருக்கிறதா?

அதே மாதம் இங்கிலாந்தில் நேர் எதிராக ஒன்று நடந்தது. ஒலிவியா பிரீன் என்ற வேல்ஸ் நாட்டுப் பாராலிம்பிக் வீராங்கனை நீளம் தாண்டிவிட்டு வந்தபோது, உன் கால்சட்டை மிகவும் சிறியது, பொருத்தமில்லாதது என்று ஓர் அதிகாரி சொன்னார். பல ஆண்டுகளாக அவர் ஓடும்போதும் தாண்டும்போதும் அணிந்த வகை உடைதான் அது. ஒரு பக்கம் நீளம் அதிகம் என்று அபராதம், இன்னொரு பக்கம் நீளம் குறைவு என்று கண்டிப்பு. இரண்டு இடத்திலும் அணிந்திருப்பவளைக் கேட்கவில்லை. பள்ளியில் துப்பட்டாவை இரண்டு பக்கமும் பின் குத்திக்கொண்டு நீளம் தாண்டியவள் நான். குதிக்கும்போது கண் மணல்குழியைப் பார்க்க வேண்டும். என் கண் துப்பட்டாவின் மேல் இருந்தது.

அப்படியானால் சரியான சொல் எது?

நாணம் என்று சொல்லலாமா? ஐடோஸுக்கு அது அழகான மொழிபெயர்ப்பு. ‘கருமத்தால் நாணுதல் நாணுத் திருநுதல் நல்லவர் நாணுப் பிற’ என்று வள்ளுவரே பிரித்துக் காட்டுகிறார். தகாத செயலுக்கு நாணுவது ஒன்று, பெண்களின் வெட்கம் வேறு ஒன்று. அதற்கு அடுத்த குறளில், ஊணும் உடையும் எல்லா உயிருக்கும் பொது, நாணுடைமைதான் மாந்தருக்குச் சிறப்பு என்கிறார். பவுல் சொன்னதற்கும் இதற்கும் தூரம் அதிகமில்லை. ஆனால் தொல்காப்பியம் ‘அச்சமும் நாணும் மடனும்’ பெண்ணுக்கு உரியவை என்று வைத்ததும், அதன் பிறகு சினிமா அந்தச் சொல்லைத் தலைகுனிந்து கால் விரலால் கோலம் போடுவதாக ஆக்கியதும் சேர்ந்து, நாணம் என்றால் இன்று வெட்கம் மட்டும்தான். மீட்டெடுக்க ஆசைதான். நோட்டீஸில் போட்டால் யாருக்கும் புரியாது.

மனப்பாங்கைக் குறிக்க நான் ‘கண்ணியம்’ என்பேன். தனித்தமிழ் ஆர்வலரான நண்பர் ஒருவர், அது வடமொழி ‘கண்ய’த்திலிருந்து வந்தது, வேண்டாம் என்பார். எனக்குத் தூய்மையைவிடத் தெளிவு முக்கியம். கடமை, கண்ணியம், கட்டுப்பாடு என்று அண்ணா மேடைதோறும் சொல்லிப் பட்டிதொட்டியெல்லாம் பரவிய சொல்லை வீட்டுக்கு வெளியே நிறுத்த எனக்கு மனம் வராது. அதைவிட முக்கியமான காரணம், கண்ணியம் இரு பக்கமும் செல்லும். கண்ணியமாக உடுத்து என்று சொல்லலாம், கண்ணியமாகப் பார் என்றும் சொல்லலாம். ‘அடக்கமாகப் பார்’ என்று சொல்லிப் பாருங்கள், வாயில் நிற்காது.

உடையைக் குறிக்கப் பழைய திருப்புதலின் சொல்லே போதும்: தகுதியான உடை, தக்க உடை. தகுதி என்றதும் ‘எதற்குத் தகுதி’ என்ற கேள்வி தானே வரும். நீச்சலுக்குத் தக்கது, ஆராதனைக்குத் தக்கது, பளு தூக்கத் தக்கது என்று பிரித்துப் பார்க்கச் சொல்லும் சொல் அது. ஃபிட்னஸை நாம் உடற்தகுதி என்றுதானே சொல்கிறோம்! 2021இல் ஜெர்மனியின் சாரா ஃபோஸும் அவர் அணியினரும் ஜிம்னாஸ்டிக்ஸ் மேடைக்குக் கணுக்கால் வரை மூடிய உடையில் வந்தார்கள். எல்லாரும் இப்படித்தான் வர வேண்டும் என்று அவர்கள் சொல்லவில்லை. தனக்கு எது தக்கது என்று அவரவர் தீர்மானிக்கட்டும் என்பதுதான் அவர்கள் பேச்சு.

தம்பி மொழிபெயர்த்த கட்டுரையில் இன்னொரு சொல்லும் என்னை உறங்கவிடவில்லை. மூலத்தில் ‘பெண் வீரர்களின் செக்ஷுவலைசேஷன்’ என்று இருந்த இடத்தில், தம்பி ‘பெண் வீரர்கள் கவர்ச்சி காட்டும் போக்கு’ என்று எழுதியிருந்தான். இலக்கண வகுப்பில் தன்வினை, பிறவினை படித்தவர்கள் யோசிக்க வேண்டும். மூலச்சொல் பிறவினை. பிறர் அவளுக்குச் செய்வது. தமிழில் அது தன்வினையாகி, அவள் செய்வதாகிவிட்டது. 2004இல் உலகக் கால்பந்துத் தலைவராக இருந்த செப் பிளாட்டர், பெண்கள் இன்னும் இறுக்கமான கால்சட்டை அணிந்தால் ஆட்டம் ஈர்க்கும் என்று பேசினார். 2011இல் உலக பேட்மிண்டன் கூட்டமைப்பு, ஆட்டத்தைக் கவர்ச்சியாகக் காட்ட வேண்டும் என்று பெண்களுக்குப் பாவாடையைக் கட்டாயமாக்கப் பார்த்து, எதிர்ப்பு கிளம்பியதும் கைவிட்டது. கவர்ச்சி காட்டியது யார்? டோக்கியோ ஒலிம்பிக்கில் ஒளிபரப்புத் தலைவர் யானிஸ் எக்சார்கோஸ், உடலின் பாகங்களை நெருக்கமாகக் காட்டும் பழைய காட்சிகள் இனி இருக்காது என்று சொன்னாரே, அதுவரை கேமராவைத் திருப்பிக்கொண்டிருந்தது யார் கை?

இதற்கு ‘பாலியல்மயமாக்கல்’ என்ற சொல்லைச் சிலர் புழங்குகிறார்கள். வினை சரி, ஆனால் பாலியல் கல்வி முதல் பாலியல் குற்றம் வரை எல்லாவற்றுக்கும் நாம் ‘பாலியல்’ போட்டுப் போட்டு அந்தச் சொல் தேய்ந்துவிட்டது. ‘காமப்பொருளாக்குதல்’ என்று சொன்னால் ஒரு மனுஷியைப் பொருளாக்குகிறார்கள் என்பது சொல்லிலேயே தெரியும். ஆக்குகிறவர் ஒருவர் இருக்கிறார் என்பதும் தெரியும். கேட்கக் கொஞ்சம் கூச்சமாக இருக்கும், இருக்கட்டும். அந்தச் செயல் கூச வேண்டியதுதான்.

அந்த அமெரிக்கர் தம் கட்டுரையில் 2019 மார்ச்சில் நடந்த ஒன்றைப் பேசியிருந்தார். நோட்ரே டேம் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தின் மாணவர் நாளிதழுக்கு, ஆண்பிள்ளைகளைப் பெற்ற ஒரு தாய் கடிதம் எழுதினார். பெண்கள் லெகின்ஸ் அணிவதை விட்டுவிட வேண்டும், பையன்களைப் பெற்ற தாய்மாரை நினைத்துப் பாருங்கள் என்று கேட்டுக்கொண்டார். மாணவிகள் மறுநாட்களில் வேண்டுமென்றே லெகின்ஸ் அணிந்து வந்தார்கள். அந்தத் தாயின் கவலையை நான் அற்பமாக நினைக்கவில்லை. ஆனால் மலைப் பிரசங்கத்தில் இயேசு இதே விஷயத்தைப் பேசும்போது ‘இச்சையோடு பார்க்கிற எவனும்’ என்கிறார். எவனும், ஆண்பால். அடுத்த வசனத்தில் இடறல் உண்டாக்குவது ‘உன் வலதுகண்’, பிடுங்கச் சொல்வதும் அதைத்தான். நம் மொழிபெயர்ப்பாளர்கள் பால், வினை எதையும் கவனிக்காமல் ஆங்கில அகராதியில் முதலில் நிற்கும் சொல்லை எடுத்துப் போட்டுவிடுகிறார்கள். அந்தச் சொல்லை ஞாயிற்றுக்கிழமை காலையில் முதல் வரிசையில் உட்கார்ந்து கேட்பது பதிமூன்று வயதுப் பிள்ளை.

தம்பிக்குத் திருத்தங்களோடு அனுப்பினேன். எட்டு இடத்தில் ‘தகுதியான’, ஐந்து இடத்தில் ‘கண்ணியம்’. மீதி ஒன்றை அப்படியே விட்டேன். பதக்கம் வாங்கிய ஒரு பெண் தன் வெற்றியைப் பற்றி அடக்கமாகப் பேசினாள் என்ற வரி அது.