சேர்க்கைதான் சரியில்லையாம்!

கல்லூரி இன்டர்னல் தேர்வில் ஒரே வரிசையில் நாலு பேர் காப்பியடித்துப் பிடிபடுகிறார்கள். மறுநாள் நாலு வீட்டுப் பெற்றோரும் வந்து ஒரே வசனம்: "எங்க பையன் நல்லவன் சார், சேர்க்கைதான் சரியில்லை." நாலு பேரும் நல்லவர்கள் என்றால் அந்தக் கெட்ட சேர்க்கை யார் வீட்டுப் பிள்ளை?

போக்கிரிப் பையனைப் பார்த்து யாரும் காப்பியடிக்கப் பழகுவதில்லை. நன்றாகப் படிக்கிற, எல்லாருக்கும் பிடித்த ஒருவன் விடைத்தாளை மேசை ஓரத்துக்கு இரண்டு அங்குலம் நகர்த்தி வைப்பானே, ஆரம்பம் அங்கேதான். காட்டினால் நண்பன்; காட்டாவிட்டால் 'சீன் பார்ட்டி'. மத்தியானச் சாப்பாட்டுக்குக்கூட அப்புறம் யாரும் கூப்பிடமாட்டார்கள். 18 வயதில் அது அரியரைவிடப் பெரிய தண்டனை. "எல்லாருந்தான் அடிக்கிறாங்க" என்ற பேச்சு வகுப்பில் பரவிவிட்டால், ராத்திரி முழுக்கப் படித்தவனே தன்னை ஏமாளி என்று நினைக்கத் தொடங்குகிறான்.

அமெரிக்காவின் மூன்று ராணுவக் கல்லூரிகளில் படித்தவர்களை வைத்து 2008-ல் ஓர் ஆய்வு வெளிவந்தது. கூடுதலாக நாலு பேர் காப்பியடித்தால், அவர்களால் இன்னும் இரண்டு மூன்று பேர் சேர்கிறார்கள் என்பது அதன் கணக்கு. இத்தனைக்கும் ஏமாற்றுபவனைப் பொறுத்துக்கொள்வதையே குற்றமாக்கிய கல்லூரிகள் அதில் இரண்டு. நம் ஊரில் பல நேரம் காட்டியவனுக்கு எச்சரிக்கைகூடக் கிடைப்பதில்லை.

(பிடிபடமாட்டோம் என்று நினைப்பவர்களுக்கு: சரியான விடை ஒத்துப்போனால் யாரும் கண்டுகொள்ளமாட்டார்கள். மூன்றாம் வரியில் மைனஸ் பிளஸ்ஸாக மாறிய தவறு அடுத்தடுத்த நாலு தாளிலும் இருந்தால்தான் மாட்டுவீர்கள். கெமிஸ்ட்ரி ரெக்கார்டு நோட்டில் மூன்று பேருக்கும் பியூரெட் (திரவ அளவைக் காட்டும் கண்ணாடிக் குழாய்) ரீடிங் அச்சு அசலாக ஒன்றாக இருப்பதும் அப்படித்தான்.)

ஆசிரியர்களே, கணக்கில் ஓர் எண்ணை மாணவரின் பதிவு எண்ணின் கடைசி இரண்டு இலக்கமாக வையுங்கள். பக்கத்துத் தாளைப் பார்த்துப் பயனில்லை. உட்காரும் இடத்தை ஹால் வாசலில் வைத்துச் சொல்லுங்கள், முந்தின நாளே ஒட்டாதீர்கள். அசைன்மென்ட் வாங்கும்போது ஒரு வரியைக் காட்டி "இது எப்படி வந்தது?" என்று கேளுங்கள், இரண்டு நிமிடம் போதும். காட்டியவனுக்கும் பூஜ்யம்தான் என்பதைத் தேர்வுக்கு முன்பே அறிவியுங்கள். மறுப்பதற்கு அவனுக்கும் ஒரு சாக்கு வேண்டுமே.

தம்பி, தங்கைகளே, முடியாது என்று சொல்லக் கஷ்டமாக இருந்தால் "சாயங்காலம் உட்கார்ந்து சொல்லித் தர்றேன்" என்று சொல்லிப் பாருங்கள். பாதிப் பேர் வரமாட்டார்கள். வருகிறவர்களுக்கு நிஜமாகவே உதவி.

பெற்றோரே, தயவுசெய்து "யார் கூடச் சேர்ந்தே?" என்று கேட்காதீர்கள். "பார்த்தியா, காட்டினியா?" என்று கேளுங்கள்.