வெளிச்சம் பட்டால் கிருமியைக் கொல்லும் ரப்பர்

மருத்துவமனையில் பலர் கைபடும் கட்டில் கம்பியும் கதவுக் கைப்பிடியும் தாமாகவே கிருமியைக் கொல்லும்படி செய்ய முடியாதா என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். முடியும். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் வேதியியலாளர் இவான் பார்க்கினின் குழு அதைப் பல ஆண்டுகளாகவே செய்து காட்டி வருகிறது.

சிலிக்கோன் ரப்பரை அசிட்டோன் கலந்த கரைசலில் ஊறப்போட்டால் உப்பும். அப்போது சாயமும், 2 நானோமீட்டர் அளவுத் தங்கத் துகள்களும் உள்ளே புகுந்துவிடும். உலர்ந்து சுருங்கும்போது அவை அங்கேயே சிக்கிக்கொள்ளும். சாயங்கள் நாம் அறிந்தவைதான்: வாய்ப்புண்ணுக்குத் தடவும் ஊதா மருந்தில் உள்ள கிரிஸ்டல் வயலட், மீன் தொட்டியில் விடும் மெத்திலீன் ப்ளூ.

ஆனால் கிருமியைக் கொல்வதில் பெரும்பங்கு சாயத்துக்கு இல்லை, காற்றில் உள்ள ஆக்சிஜனுக்கு! எனக்கு அலுக்காத இடம் இதுதான். இவ்வளவு ஆக்சிஜன் சூழ்ந்திருந்தும் நம் உடல் ஏன் பற்றி எரிவதில்லை? ஆக்சிஜன் மூலக்கூறில் இரண்டு எலக்ட்ரான்கள் ஜோடி சேராமல் ஒரே திசைச் சுழற்சியில் நிற்கின்றன. உயிர்ப்பொருள்களிலோ எலக்ட்ரான்கள் எல்லாம் ஜோடி ஜோடியாக, எதிரெதிர்ச் சுழற்சியில். இரண்டும் பொருந்தாததால் வினை எளிதில் நடக்காது. ஒளியை விழுங்கிய சாய மூலக்கூறில் ஒரு எலக்ட்ரான் மேலே தாவி, தன் சுழற்சியையும் திருப்பிக்கொள்கிறது. திரும்பி இறங்குவது அதற்கு அவ்வளவு சுலபம் இல்லை. அந்த நேரத்துக்குள் ஓர் ஆக்சிஜன் வந்து மோதினால் போதும், ஆற்றல் கைமாறும். ஆக்சிஜனின் எலக்ட்ரான்கள் ஜோடி சேர்ந்துவிடும். தடை விலகியது. இந்தச் 'சிங்லெட் ஆக்சிஜன்' பாக்டீரியாவின் சவ்வு, புரதம், டி.என்.ஏ என்று அகப்பட்டதையெல்லாம் தாக்கும். தாக்குதல் பல இடங்களில் ஒரே சமயத்தில் விழுவதால், அதை எதிர்க்கும் திறனை வளர்த்துக்கொள்வது கிருமிக்கு மிகக் கடினம்.

தண்ணீரில் சிங்லெட் ஆக்சிஜனின் ஆயுள் மூன்று, நான்கு மைக்ரோ நொடிதான். அதற்குள் 100, 200 நானோமீட்டர் நகர்ந்தாலே அதிகம். ஆகவே மேற்பரப்பில் ஒட்டியிருக்கும் கிருமிதான் சாகும். தொடும் கையில் இந்த ஆக்சிஜன் இறந்த தோல் செல்களின் படலத்தைக்கூடத் தாண்டாது.

சாயமும் ஒளியும் சேர்ந்தால் நுண்ணுயிர் சாகும் என்பதை மியூனிக்கில் ஆஸ்கர் ராப் என்ற மாணவர் 1900லேயே கண்டுவிட்டார். அப்புறம் வந்தவற்றில் பலவற்றுக்கு லேசரோ பலமான விளக்கோ வேண்டியிருந்தது. லண்டன் குழு 2020இல், 25 தங்க அணுக்கள் கொண்ட கொத்துகளைக் கிரிஸ்டல் வயலட்டோடு சேர்த்து, சுமார் 312 லக்ஸ் வெளிச்சத்திலேயே வேலையை முடித்தது. அது சாதாரண அறை விளக்கின் வெளிச்சம்தான். அங்கே சிங்லெட் ஆக்சிஜனைவிட, அதே ஆக்சிஜனிலிருந்து உருவாகும் ஹைட்ரஜன் பெராக்சைடு என்ற கிருமிநாசினிக்கே வேலை அதிகம்.

சரி, இதெல்லாம் ஆய்வகத்தில். சாயம் ஒளி பட்டுப் பட்டே வெளுக்கும். தினமும் பினாயில் போட்டுத் துடைக்கும் வார்டில் அது எத்தனை மாதம் தாங்கும்? இதைச் சோதிக்கும் வேலை மெதுவானது, தலைப்புச் செய்தியும் ஆகாது. என்னைக் கேட்டால், அரசின் ஆராய்ச்சிப் பணம் இந்தச் சோதனைக்குத்தான் முதலில் போக வேண்டும்.